ரிகவரி எண் எதை அளக்கிறது? நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கான தொடக்க விளக்கம்

வெயில் ஏறுவதற்குள் பழவேற்காடு வரை போய்த் திரும்பிவிடும் சைக்கிள் குழுக்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் டீ குடிக்க நிற்கும்போது, வேகத்தையும் தூரத்தையும் பேசி முடித்தபின் இப்போது கைக்கடிகாரம் காட்டும் இன்னோர் எண்ணையும் பேசுகின்றன. “எனக்கு ரிகவரி எண்பத்திரண்டு காட்டுதுண்ணா, உங்களுக்கு எவ்ளோ?” என்று ஒருவர் கேட்கிறார். “முப்பத்தஞ்சுதான் வருது தம்பி, ஹார்ட்ல ஏதாச்சும் பிராப்ளமா இருக்குமோ?” என்று மற்றவர் கவலைப்படுகிறார். முதலாமவர் சொல்வது ஒரு நிறுவனம் நூற்றுக்குப் போடும் மதிப்பெண். இரண்டாமவர் சொல்வது மில்லிவிநாடியில் வரும் ஓர் அளவு. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடவே முடியாது என்பதை இருவருக்குமே யாரும் சொல்லித் தரவில்லை.

இந்தக் குழப்பத்தால் உண்மையான கேடு நேர்கிறது. நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒருவர் எண்ணைப் பார்த்துப் பயந்து வாரக்கணக்கில் பயிற்சியை நிறுத்திவிடுகிறார். உள்ளே காய்ச்சல் தொடங்கியிருக்கும் இன்னொருவர் திரையில் பச்சை நிறம் தெரிகிறது என்பதற்காக நூறு கிலோமீட்டர் கிளம்பிவிடுகிறார். கருவி எதைத் தொட்டு அளக்கிறது, எந்த இடத்திலிருந்து ஊகிக்கத் தொடங்குகிறது என்பது தெரிந்துவிட்டால் இந்த இரண்டு தவறுகளையும் தவிர்க்கலாம். அதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை.

மீட்சி (ரிகவரி) என்றால் என்ன

நீண்ட தூரம் ஓட்டி முடித்த உடலில் பல குறைகள் ஒரே நேரத்தில் உண்டாகின்றன. வியர்வையில் நீரும் உப்பும் போயிருக்கும். தசைகளிலும் கல்லீரலிலும் உடல் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் தீர்ந்து போயிருக்கும். தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்பட்டிருக்கும். இவற்றோடு தூக்கக் குறைவும் நரம்பு மண்டலத்தின் களைப்பும் சேர்ந்துகொள்ளும். இவையெல்லாம் பழைய நிலைக்கு வருவதையும், அடுத்த முறை அதே சுமையைச் சற்று எளிதாகத் தாங்கும்படி உடல் தன்னை மாற்றிக்கொள்வதையும் சேர்த்துத்தான் மீட்சி என்கிறோம்.

ஆனால் இவை ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில் சரியாகின்றன. நீர் சில மணி நேரத்தில் ஈடாகிவிடும். சோறும் இட்லியும் வயிறாரச் சாப்பிட்டால் கிளைகோஜன் பெரும்பாலும் ஒரு நாளில் நிரம்பிவிடும். தசைச் சிதைவு ஆற இரண்டு மூன்று நாட்கள், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தில் இது பெரிய விஷயம். குறித்த நேரத்துக்குள் நெடுந்தூரத்தை ஓட்டி முடிக்கும் ரான்டனர் முறையில் 200 கி.மீ. ஓட்டத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும் 600 கி.மீ. ஓட்டத்தை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரான்சில் நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்தில் 1,200 கி.மீ. தூரத்துக்கு 90 மணி நேரம் வரை தருகிறார்கள். இவற்றுக்குத் தயாராகிறவர் வாரந்தோறும் அரைகுறை மீட்சியோடு ஓட்டிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்துக்கு மேல் பயிற்சியால் முன்னேற்றம் வருவதற்குப் பதிலாகச் சரிவுதான் வரும்.

இத்தனை வேறுபட்ட குறைகளையும் ஒரே எண்ணில் அடக்கும் உணரி எதுவும் கடிகாரத்தில் இல்லை. கடிகாரத்துக்குத் தெரிவது முக்கியமாக ஒன்றுதான், இதயத் துடிப்பு. ஆகவே அங்கிருந்து தொடங்குவோம்.

மேம்பாலத்து இறக்கமும் பிரேக்கும்

இதயத்தின் மேல்பகுதியில் சைனஸ் கணு என்றொரு சிறு திசுக்கட்டு இருக்கிறது. இதயம் எப்போது துடிக்க வேண்டும் என்பதற்கான மின்துடிப்பு அங்கேதான் பிறக்கிறது. நரம்புகள் எதுவும் குறுக்கிடாமல் விட்டால் அந்தக் கணு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கச் செய்யும். ஆனால் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் நமக்கு 60, 70 என்றுதான் துடிக்கிறது. நன்கு பயிற்சி பெற்றவருக்கு 50க்குக் கீழேகூட இருக்கும். காரணம், ஒரு பிரேக் எப்போதும் பிடிக்கப்பட்டிருக்கிறது.

பெரம்பூர் முரசொலி மாறன் மேம்பாலத்தின் இறக்கத்தில் சைக்கிளில் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். பெடல் போடத் தேவையில்லை. சரிவே வண்டியை இழுக்கும். பிரேக்கில் விரல் வைத்துச் சற்றுப் பிடித்தும் சற்று விட்டும் வருகிறபோது வேகம் ஒரே சீராக இருக்காது; கூடும், குறையும், மறுபடி கூடும். வேகம் இப்படி ஏறி இறங்குகிறது என்பதே பிரேக்கில் கை இருக்கிறது என்பதற்கு அடையாளம். இதயத்தின் பிரேக் வேகஸ் நரம்பு. மூளையின் அடிப்பகுதியிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் இந்த நரம்பு, ஓய்வையும் செரிமானத்தையும் கவனித்துக்கொள்ளும் எதிர்ப்பரிவு நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தது. வேலைக்கும் ஆபத்துக்கும் உடலை முடுக்கிவிடுவது இதற்கு மாறான பரிவு நரம்பு மண்டலம்.

வேகஸ் நரம்பு மிக வேகமாக வேலை செய்யும். ஒரு துடிப்புக்குள்ளேயே இதயத்தைத் தாமதப்படுத்தவும் விடுவிக்கவும் அதனால் முடியும். பரிவு நரம்புகளின் விளைவு தெரிய சில விநாடிகள் ஆகும். ஆகவே அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையில் தெரியும் உடனடி ஏற்ற இறக்கம் பெரும்பாலும் வேகஸ் நரம்பின் கைவேலைதான். இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டில் நாடியைத் தொட்டபடி ஆழமாக மூச்சை இழுங்கள். துடிப்பு சற்று விரையும். மெதுவாக மூச்சை விடுங்கள், துடிப்பு தளரும். மூச்சை இழுக்கும்போது பிரேக் தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. ஆரோக்கியமான இதயம் கடிகார முள்போல் சீராகத் துடிக்கும் என்று நம்மில் பலர் நினைப்பது தவறு.

நான்கு துடிப்புகளில் ஒரு கணக்கு

ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதைத்தான் துடிப்பிடை மாறுபாடு என்கிறார்கள். கடிகாரத்தில் எச்ஆர்வி என்று வருவது இதுவே. இரண்டு பேருக்கும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். முதலாமவரின் இடைவெளிகள் 980, 1020, 960, 1010 மில்லிவிநாடிகள். இரண்டாமவருக்கு 995, 1000, 990, 998. சராசரி கிட்டத்தட்ட ஒன்றுதான். நாடி பிடித்துப் பார்ப்பவருக்கு இருவரும் ஒரே மாதிரி தெரிவார்கள்.

இப்போது அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசத்தைப் பாருங்கள். முதலாமவருக்கு 40, 60, 50. இரண்டாமவருக்கு 5, 10, 8. ஒவ்வொரு வித்தியாசத்தையும் வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, அதற்கு வர்க்கமூலம் கண்டால் முதலாமவருக்குச் சுமார் 51, இரண்டாமவருக்குச் சுமார் 8 மில்லிவிநாடி கிடைக்கும். பெரும்பாலான கடிகாரங்களும் செயலிகளும் இந்த முறையில்தான் எச்ஆர்வியைக் கணக்கிடுகின்றன. உண்மையில் நான்கு துடிப்பு போதாது. ஒரு நிமிடமாவது தொடர்ந்து பதிவாக வேண்டும்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: ஓய்வில் இருக்கும் உடலில் வேகஸ் நரம்பு இதயத்தைப் பிடித்தும் விட்டும் நடத்துகிறது. அந்த ஏற்ற இறக்கத்தின் அளவே எச்ஆர்வி. உடல் எதனோடாவது போராடிக்கொண்டிருந்தால் பிரேக் தளர்ந்து, அளவு குறையும். போராட்டம் எதனோடு என்பதை அந்த எண் சொல்லாது.

கருவி இதை எப்படிப் பிடிக்கிறது

மார்பில் கட்டும் பட்டை, இதயத்தின் மின்துடிப்பைத் தோலின் மேலிருந்தே உணர்கிறது. மருத்துவமனையில் எடுக்கும் ஈசிஜியின் எளிய வடிவம் என்று இதைச் சொல்லலாம். பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982ஆம் ஆண்டிலேயே கம்பியில்லாத இதயத்துடிப்புமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. துடிப்பு நேரத்தைத் துல்லியமாகப் பிடிக்க இன்றைக்கும் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய கருவிகளில் இதுவே நம்பகமானது. பட்டையின் உட்புறத்தைத் தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும். காய்ந்த பட்டை வியர்வை ஊறும்வரை தாறுமாறாகக் காட்டும்.

கடிகாரத்தின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு வேறு வழியில் வேலை செய்கிறது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டுக்கு ரத்தம் பாயும்போது திரும்பிவரும் ஒளி குறைகிறது. அந்தக் குறைவை எண்ணித் துடிப்பைக் கணிக்கிறது. தூக்கத்தில் கை அசையாமல் கிடக்கும்போது இது நன்றாகவே வேலை செய்யும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட பகுதிகளில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து வரும்போது, மணிக்கட்டு மடங்கி, கடிகாரம் அதிர்ந்து, ஒளி சிதறிவிடும். ஓட்டத்தின்போது சரியான துடிப்பு எண் வேண்டுமானால் மார்புப் பட்டைதான் வழி. இரவு எச்ஆர்விக்குக் கடிகாரமே போதும்.

மதிப்பெண் எங்கே பிறக்கிறது

அளவு இதோடு முடிந்தது. இதற்கு மேல் வருவதெல்லாம் கணிப்பு. கடிகார நிறுவனம் உங்களுடைய இரவு எச்ஆர்வி, ஓய்வுநிலைத் துடிப்பு, தூங்கிய நேரம், சில நேரங்களில் முந்தைய நாளின் பயிற்சிச் சுமை ஆகியவற்றை எடுத்து, உங்களுடைய பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு, தனக்கென ஒரு சூத்திரத்தில் போட்டு நூற்றுக்கு ஒரு மதிப்பெண் தருகிறது. எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், பெரும்பாலும் வெளியே சொல்லப்படுவதும் இல்லை. உதாரணமாக ஹூப் என்ற மணிக்கட்டுப் பட்டை 67 முதல் பச்சை, 34 முதல் 66 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு என்று காட்டுகிறது. கார்மின் கடிகாரத்தில் அதே காலையில் வேறு எண் வந்தால் இரண்டில் ஒன்று பொய் என்று பொருளில்லை. இரண்டும் வெவ்வேறு கணக்குகள்.

நண்பரோடு எச்ஆர்வியை ஒப்பிடுவதும் இதே காரணத்தால் வீண். இந்த அளவு வயது ஏற ஏறக் குறையும். பிறவியிலேயே ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். 35 மில்லிவிநாடியில் நிலையாக இருக்கும் ஒருவர், 80இலிருந்து 50க்கு இறங்கிய ஒருவரைவிட அன்று நல்ல நிலையில் இருக்கலாம். தேரடியில் கவலைப்பட்ட அந்த அண்ணன் கேட்க வேண்டிய கேள்வி “முப்பத்தைந்து குறைவா?” என்பதில்லை, “எனக்கு வழக்கமாக எவ்வளவு இருக்கும்?” என்பதே.

எண் கூடினால் எப்போதும் நல்லது என்பதும் சரியில்லை. பல வாரங்கள் கடுமையாக ஓட்டிக் களைத்த உடலில் சில சமயம் எச்ஆர்வி வழக்கத்துக்கு மாறாக உயர்ந்து நிற்கும். துடிப்பு தாளம் தவறும் கோளாறு இருந்தாலும் இடைவெளிகள் கன்னாபின்னாவென்று மாறி எண் பெரிதாகத் தெரியும். ஆகவே கவனிக்க வேண்டியது உங்கள் வழக்கமான எல்லையிலிருந்து எந்தப் பக்கமாவது விலகுவதைத்தான்.

நம் பகுதியில் எண்ணை இறக்குபவை

இந்தக் கருவிகளைப் பற்றி வரும் விளக்கங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு வாழ்க்கையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இரவு பத்து மணிக்குக் குளிர்ந்த அறையில் படுத்து ஆறு மணிக்கு எழுபவரின் உடலை அவை கற்பனை செய்கின்றன. வடசென்னையில் சைக்கிள் ஓட்டுபவர்களில் கணிசமானவர்கள் மணலி, எண்ணூர் ஆலைகளிலும் துறைமுகத்திலும் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவரின் உடலுக்கு உள்ளிருக்கும் நாள்-இரவுச் சுழற்சி அந்தத் தூக்கத்தோடு பொருந்துவதில்லை. அவருடைய துடிப்பு முழுமையாக இறங்காது. எச்ஆர்வியும் குறைவாகவே வரும். பகல் ஷிப்ட் வாரத்தையும் இரவு ஷிப்ட் வாரத்தையும் ஒரே சராசரியில் கலந்துவிட்டால் இரண்டு வாரமும் தவறாகத் தெரியும். இரவு வாரத்தின் எண்ணை முந்தைய இரவு வாரத்தின் எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

வெப்பம் அடுத்தது. மே மாதத்தில் இரவு வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. பகல் முழுதும் காய்ந்த தளத்தின் கீழ், மின்விசிறி மட்டும் சுற்றும் அறையில் தூங்கும்போது, உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்குக் கூடுதல் ரத்தம் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கடலோரக் காற்றின் ஈரப்பதத்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகிறது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. காலையில் ரிகவரி குறைந்திருந்தால் அதற்கு நேற்றைய ஓட்டம் காரணமாக இருக்கவேண்டியதில்லை. இதே காரணத்தால் ஓட்டத்திலும், வேகம் மாறாமலே, நேரம் ஆக ஆகத் துடிப்பு மேலே ஏறும். இதயத் துடிப்பு நகர்வு எனப்படும் இது நம் பகுதியில் மீஞ்சூர் தாண்டும்போதே தெரியத் தொடங்கிவிடும்.

காற்றும் ஒரு காரணம். நுண்துகள் மிகுந்த காற்றைச் சுவாசிப்பவர்களிடம் எச்ஆர்வி குறைவதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆலைப்புகையும் நிலக்கரித் தூசியும் டீசல் புகையும் ஒன்றாய்க் கிடைக்கும் சாலைகளில் ஓட்டுபவர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. லாரிகள் வரிசையில் நிற்கும் நேரத்தைத் தவிர்ப்பது எந்தக் கருவியையும்விடப் பயனுள்ளது. இவை தவிர, இரவு பதினொரு மணிக்குச் சாப்பிடும் பிரியாணியும், அளவில் சிறிதாயினும் மதுவும் அன்றிரவே எண்ணை இறக்கிவிடும்.

சுருக்கமாக: எண் இறங்கியிருந்தால் உடல் ஏதோவொரு சுமையைத் தாங்குகிறது என்று பொருள். அது சைக்கிளா, ஷிப்டா, வெக்கையா, சாப்பாடா என்பதை நீங்கள்தான் நினைவிலிருந்து சேர்க்க வேண்டும்.

எண் காணாதவை

தொடைத் தசையின் வலியையோ முழங்கால் தசைநாரின் அழற்சியையோ எந்தக் கடிகாரமும் காணாது. கிளைகோஜன் நிரம்பியதா என்பதும் அதற்குத் தெரியாது. தூக்கத்தின் நிலைகளை அது வண்ண வண்ணமாகக் காட்டுவதும் அசைவையும் துடிப்பையும் வைத்துச் செய்யும் கணிப்புதான். தூக்க ஆய்வகத்தில் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்து பார்ப்பதற்கு அது ஈடாகாது. எவ்வளவு நேரம் தூங்கினோம் என்பதை மட்டும் ஓரளவு நம்பலாம்.

நீரிழப்பைக் காண, வீட்டில் இருக்கும் எடைக் கருவியே போதும். கிளம்பும் முன் 62 கிலோ, திரும்பியபின் 60.2 கிலோ, வழியில் குடித்தது 3 லிட்டர் என்றால், சிறுநீரைக் கணக்கில் சேர்க்காமல், உடல் 4.8 லிட்டர் இழந்து 3 லிட்டரைத்தான் திரும்பப் பெற்றிருக்கிறது. எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இழப்பு போனால் பொதுவாக ஓட்டும் திறன் குறையத் தொடங்கும். இங்கே இழப்பு ஏறக்குறைய 3 சதவீதம். மாறாக, திரும்பி வந்தபின் எடை கூடியிருந்தால் அது ஆபத்து. தேவைக்கு மேல் வெறும் தண்ணீர் குடித்து ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்புவரை போகும். மருந்துக் கடையில் உலகச் சுகாதார நிறுவன முறைப்படி தயாரான ஓஆர்எஸ் பொட்டலம் கிடைக்கிறது. உறையில் எழுதியபடி ஒரு லிட்டர் நீரில் கரைத்துக் குடிப்பது, பளபளப்பான டப்பாக்களில் வரும் பானங்களுக்குக் குறைந்ததல்ல.

பெண்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ரத்தசோகை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019–21 சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பது பதிவானது. ஹீமோகுளோபின் குறைந்தவர் எவ்வளவு ஓய்வெடுத்தாலும் களைப்பு நீங்காது. பயிற்சித் திட்டத்தை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. ஆண்டுக்கொரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது விலையுயர்ந்த கடிகாரத்தைவிட முதலில் செய்ய வேண்டிய செலவு என்று உறுதியாகச் சொல்வேன்.

மற்ற சாதனங்கள்

கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய விரல் ஆக்சிமீட்டர், கடல் மட்டத்தில் ஓட்டும் நமக்கு மீட்சியைப் பற்றி எதுவும் சொல்லாது. கருமையான தோலில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் போக்கும் அதற்கு உண்டு என்று 2020இல் அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து தெரியவந்தது. காற்றழுத்தக் கால் உறைகளும் மசாஜ் கன்னும் வலி உணர்வைச் சற்றுக் குறைக்கலாம். மீட்சியை விரைவாக்குகின்றன என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ஐஸ் குளியலும் வலியைக் குறைக்கும். ஆனால் எடைப் பயிற்சிக்குப்பின் அதை வழக்கமாக்கினால் தசை வளர்ச்சியை மட்டுப்படுத்தும்.

எப்படி அளப்பது, எப்படி முடிவெடுப்பது

தினமும் எழுந்ததும், சிறுநீர் கழித்துவிட்டு, டீயோ காப்பியோ குடிக்கும் முன், ஒரே நிலையில் உட்கார்ந்தோ படுத்தோ, இயல்பாக மூச்சுவிட்டபடி ஓரிரு நிமிடம் அளக்க வேண்டும். இரவு முழுதும் அளக்கும் கடிகாரமானால் இந்த வேலை மிச்சம். முதல் நான்கு வாரங்கள் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். உங்கள் வழக்கமான எல்லை என்ன என்பதைக் கருவியும் நீங்களும் அறிந்துகொள்ளும் காலம் அது. பிறகும் ஒரு நாளின் எண்ணைவிட ஏழு நாள் சராசரியைப் பாருங்கள். ஒரு நாள் இறங்குவது இயல்பு. நான்கைந்து நாள் தொடர்ந்து இறங்கினால் காரணம் தேட வேண்டும்.

எண்ணோடு மூன்று விவரங்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: தூக்கம் எப்படி, கால் எப்படி, ஓட்ட மனம் இருக்கிறதா. எண்ணும் உடலும் ஒன்றையே சொன்னால் சிக்கலில்லை. எண் நன்றாக இருந்து கால் கனத்தால் காலை நம்புங்கள். எண் குறைந்து உடல் நன்றாக இருந்தால் கிளம்பலாம். முதல் அரைமணி நேரம் மெதுவாக ஓட்டி, துடிப்பு வழக்கத்தைவிட ஏறுகிறதா என்று பார்த்து, ஏறினால் அன்று தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். எச்ஆர்வியைப் பார்த்து அன்றன்றைய கடுமையை மாற்றிக்கொள்ளும் முறையைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2007இல் ஓட்டப் பயிற்சியில் சோதித்தார்கள். முன்கூட்டியே வகுத்த அட்டவணைப்படி பயிற்சி செய்தவர்களைவிட அப்படிச் செய்தவர்கள் அதிகம் முன்னேறினார்கள். அதில் எண் குறைந்தபோதெல்லாம் பயிற்சியைக் கைவிடவில்லை. கடும் பயிற்சியை இலேசான பயிற்சியாகவோ ஓய்வாகவோ மாற்றினார்கள்.

காய்ச்சலும் மருத்துவரும்

கருவி மிக நன்றாக உதவும் இடம் காய்ச்சல். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ பத்து கூடும். ஆகவே ஓய்வுநிலைத் துடிப்பு திடீரென உயர்ந்து எச்ஆர்வி இறங்கினால், தொண்டைக் கரகரப்பு வருவதற்கு முந்தைய நாளேகூடத் தெரிந்துவிடலாம். மழைக்காலத்தில் டெங்குவும் மற்ற வைரஸ் காய்ச்சல்களும் பரவும்போது இது பெரிய உதவி. காய்ச்சலோடு கடுமையாக ஓட்டினால் இதயத் தசையிலேயே அழற்சி ஏற்படும் அபாயம் உண்டு. காய்ச்சல் விட்ட பிறகும் ஓய்வுநிலைத் துடிப்பு பழைய அளவுக்கு இறங்கி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காத நிலை வரும்வரை சைக்கிளை எடுக்க வேண்டாம். டெங்கு வந்தவர் மருத்துவரிடம் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும்.

ஓட்டும்போது மார்பில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம், காரணமில்லாமல் படபடவென்று தாளம் தவறிய துடிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும், திரையில் என்ன நிறம் இருந்தாலும், இறங்கி உட்கார்ந்து 108ஐ அழைக்க வேண்டும். கடிகாரத்தில் பதிவான துடிப்பு வரைபடத்தை மருத்துவரிடம் காட்டலாம். எந்த நேரத்தில் தொடங்கியது என்பதை அறிய அவருக்கு அது உதவும். என்ன நோய் என்பதை முறையான ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் பார்த்துத்தான் அவர் சொல்வார்.